ஆர்டர் டைரியிலிருந்து பகிர்வுக் காலண்டருக்கு: குடும்பத் தொழில் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்பம் கும்பகோணத்தில் திருமணச் சமையல் ஒப்பந்தமும் பாத்திர வாடகையும் நடத்தி வருகிறது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று ஐந்து பேரும் ஏதோ ஒரு வகையில் ஆர்டர் பிடிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரிடம் முன்பணம் வாங்கிவிட்டோம். அப்பா காய்கறிச் சந்தையில் நின்றபடியே கைப்பேசியில் ஒரு வீட்டாருக்கு வாக்குக் கொடுத்து, வீட்டுக்கு வந்ததும் பெரிய டைரியில் எழுதினார். அதற்கு முந்தைய நாளே கடையில் இருந்த அண்ணன் வேறொரு வீட்டாரின் பணத்தை வாங்கிக் கடை நோட்டில் குறித்திருந்தார். இரண்டும் ஒரே நாள் என்பது மளிகைப் பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் ஒரு கல்யாணத்தை ஒப்படைத்து, விலை வித்தியாசத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டு, அந்தப் பெண் வீட்டாரின் முன்னால் அப்பா தலைகுனிந்து நின்றார். பணம் போனதைவிட அந்த நிற்றல்தான் எங்களை இணையவழிப் பகிர்வுக் காலண்டருக்குத் தள்ளியது.

இந்த வழிகாட்டியில் நான் எழுதுவது அந்த மாற்றத்தை நாங்கள் செய்த முறையும், செய்யும்போது கற்றுக்கொண்ட பிழைகளும். தையலகம், அச்சகம், ஒலி ஒளி அமைப்பு, வாடகை வண்டி, பந்தல் என எந்தக் குடும்பத் தொழிலானாலும், நாள் குறித்து வேலை எடுப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதல் படி: செயலியைத் தொடாதீர்கள், டைரியைப் படியுங்கள்

பெரும்பாலானோர் முதல் வேலையாகச் செயலியைப் பதிவிறக்கி, இரண்டு நாள் ஆர்வமாக எழுதி, மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். தங்கள் தொழிலில் ஒரு ஆர்டர் என்பது உண்மையில் எத்தனை நாளைப் பிடிக்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து கணக்கிடாததே இதற்குக் காரணம் என்பது என் அனுபவம். ஆகவே சென்ற பருவத்தின் டைரியை எடுத்து, குறைந்தது இருபது பதிவுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

எங்கள் டைரியில் அப்பாவின் பதிவு இப்படித்தான் இருக்கும்: வெள்ளிக்கிழமைக்கு உரிய பக்கத்தில் "மகாமகக் குளம் பக்கம் மண்டபம், பெண் வீடு, 450 இலை, காலை 200, அட். 10,000". (அட். என்றால் அட்வான்ஸ், அதாவது முன்பணம்.) ஒரே வரி, ஒரே தேதி. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் நடப்பதைப் பாருங்கள். புதன்கிழமை மளிகை வந்து இறங்க வேண்டும். வியாழன் மதியம் அண்டா, தவலை, அடுப்பு, கரண்டி எல்லாம் குட்டியானை வண்டியில் ஏற வேண்டும். வியாழன் மாலை மாப்பிள்ளை அழைப்புச் சிற்றுண்டி, வெள்ளி விடியற்காலையில் காபி, காலைப் பலகாரம், மதியம் முகூர்த்தச் சாப்பாடு என்று வரிசையாகப் பந்தி நடக்கும். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி எண்ணி வண்டியில் ஏற்றி, சனிக்கிழமை மதியத்துக்குள் கிடங்குக்கு வந்து சேரும். டைரியில் ஒரு நாளாகத் தெரிவது தொழிலில் நான்கு நாள்.

இதனால் என்ன ஆகும் என்றால், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முகூர்த்தம் இருந்தால், அதற்கான பாத்திரம் சனி மதியமே கிளம்ப வேண்டியிருக்கும். வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையில் ஒரு நாள் காலியாக இருப்பதாக டைரி சொல்லும். கிடங்கிலோ ஒரே பெரிய அண்டாக்களுக்கு இரண்டு வீட்டார் காத்திருப்பார்கள். இருபது பதிவுகளையும் இப்படிப் பிரித்து எழுதிப் பார்த்தபோது, எங்களுக்கு நேர்ந்த மோதல்களில் பாதிக்கு மேல் தேதி மோதல்களாகவே இருக்கவில்லை; பாத்திரமும் வண்டியும் மோதியவை. ஒரு காலண்டர் எங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், பல நாள் நீளும் பதிவையும், ஆர்டர் வேறு பாத்திரம் வேறு என்ற பிரிவையும் அது தாங்க வேண்டும் என்பது அப்போதுதான் தெளிந்தது. உங்கள் தொழிலில் மோதுவது எது என்பதை ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: எழுதுபவர் யார், பார்ப்பவர் யார்

வீட்டில் யார் யார் ஆர்டர் ஏற்கிறார்கள், யார் அதைப் பார்த்தால் மட்டும் போதும், யாருக்கு நாள் காலியா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று மூன்று வகையாகப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு எழுதுபவர்கள் ஐந்து பேர். பார்ப்பவர்கள் தலைமைச் சமையல்காரரும் கிடங்கு பொறுப்பாளரும். காலியா என்று மட்டும் அறிய வேண்டியவர் வண்டி ஓட்டுநர்.

அடுத்து, ஒவ்வொருவரின் கையிலும் எந்தக் கைப்பேசி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நான்கு ஆண்ட்ராய்டும் ஒரு ஐபோனும் இருந்தால், ஐபோன் வைத்திருப்பவருக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. இந்தப் பட்டியலில் யாருக்குக் கைப்பேசியில் எழுதுவது மிகக் கடினமோ, அவரைச் சுற்றித்தான் தேர்வு அமைய வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். எங்கள் வீட்டில் அவர் அப்பா. ஆர்டர்களில் பெரும்பங்கு அவரிடம்தான் வருகிறது. அவர் எழுதாத காலண்டர் எங்களுக்குப் பாதிக் காலண்டர்தான். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும் என்பதை அவருக்குக் காட்டிய அன்றுதான் இந்த மாற்றம் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

மூன்றாம் படி: சேவைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தல்

இணையக் காலண்டர்கள் பலவும் ஐகேலண்டர் என்ற பொது வடிவத்தைப் புரிந்துகொள்கின்றன. 1998இல் வரையறுக்கப்பட்டு 2009இல் திருத்தி எழுதப்பட்ட அந்த வடிவத்தின் கோப்புகள் ஐசிஎஸ் என்ற பின்னொட்டோடு வரும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் சேவையிலிருந்து இந்தக் கோப்பாகத் தரவை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள். பிற்காலத்தில் வேறு சேவைக்கு மாற நேர்ந்தால், பல ஆண்டு ஆர்டர்களும் உங்களோடு வருவதற்கு அதுதான் வழி.

கூகுள் காலண்டர் 2006இல் வந்தது. கூகுள் கணக்கு இருந்தால் கட்டணம் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி உலாவி மூன்றிலும் இயங்கும். இடைமுகத்தைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்றோருக்கு அதன் முக்கியமான பலம் நான்கு நிலை அனுமதி. ஒருவருக்கு நேரம் காலியா இல்லையா என்பதை மட்டும் காட்டலாம். விவரங்கள் அனைத்தையும் பார்க்க விடலாம். பதிவுகளை மாற்ற விடலாம். மாற்றுவதோடு பிறருக்குப் பகிரும் உரிமையையும் கொடுக்கலாம். இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய மூன்று வகையினரும் இந்த நிலைகளில் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆப்பிளின் ஐகிளவுட் காலண்டரில் குடும்பம் முழுவதும் ஐபோன் வைத்திருந்தால் வேலை மிக எளிது. பார்க்க மட்டும், பார்க்கவும் திருத்தவும் என்று இரண்டு அனுமதிகள் உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டுக்கென ஆப்பிள் காலண்டர் செயலி எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் காலண்டரும் அனுமதி நிலைகளோடு நன்றாகவே பகிர்கிறது; ஏற்கெனவே விலைப்பட்டியல்களையும் மின்னஞ்சல்களையும் அங்கே வைத்திருப்பவர்கள் அதிலேயே தொடரலாம்.

டைம்ட்ரீ என்ற ஜப்பானியச் செயலி பகிர்வதற்காகவே உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு பதிவின் கீழும் உரையாடும் இடம் இருப்பதால், "இலை 450 இல்லை, 500" என்று அண்ணன் எழுதினால் அது அந்தக் கல்யாணத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்திகளுக்கு மேலே போய்த் தேட வேண்டியதில்லை. குடும்பத்தினர் மட்டுமே பயன்படுத்தும் தொழிலுக்கு இது மிக இதமான தேர்வு. வேலையாட்களுக்குப் பார்வையை மட்டும் கொடுக்க வேண்டிய இடத்தில், சேர்ப்பதற்கு முன் ஒரு போலிக் காலண்டர் திறந்து அவர்களால் எதையெல்லாம் மாற்ற முடிகிறது என்று சோதித்துவிடுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் காலண்டரிலும் குழுவாகப் பகிரும் வசதி உண்டு. தொழிலின் மின்னஞ்சலை ஏற்கெனவே ஜோஹோவில் நடத்துபவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

எங்கள் தேர்வு கூகுள். கலவையான கைப்பேசிகள், நான்கு நிலை அனுமதி, தமிழில் பேசி எழுதும் வசதி ஆகிய மூன்றுமே காரணம். இதற்குப் பிறகு வரும் படிகளை கூகுளை வைத்தே விளக்குகிறேன். மற்றவற்றில் பொத்தான்களின் பெயர் மாறும், முறை மாறாது.

நான்காம் படி: கணக்கைத் தொழிலின் பெயரில் திறங்கள்

காலண்டரை யாருடைய சொந்தக் கணக்கிலும் திறக்காதீர்கள். அண்ணனின் கணக்கில் இருக்கும் காலண்டர், அவர் கைப்பேசியைத் தொலைத்துக் கணக்குக்குள் நுழைய முடியாமல் போனாலோ, கணக்கையே நீக்கிவிட்டாலோ, குடும்பம் முழுவதுக்கும் கைநழுவிப் போய்விடும். தொழிலின் பெயரில் ஒரு புதிய கூகுள் கணக்கைத் திறந்து, மீட்புக்கான கைப்பேசி எண்ணாக அப்பாவின் எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக அண்ணனின் முகவரியையும் கொடுத்தோம். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் இயக்கிவிடுங்கள். கைப்பேசி கையில் இல்லாதபோது நுழைவதற்காக கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அவற்றை அச்செடுத்துப் பீரோவில் பத்திரங்களோடு வைத்திருக்கிறார் அம்மா. இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத சொந்தக் கணக்குகளை கூகுள் நீக்கக்கூடும் என்பதால், இந்தக் கணக்கைத் திறந்துவிட்டு அப்படியே மறந்துவிடவும் கூடாது.

ஐந்தாம் படி: எத்தனை காலண்டர், யாருக்கு எது

கணினி உலாவியில் அந்தக் கணக்கோடு கூகுள் காலண்டரைத் திறந்து, இடப்பக்கம் பிற காலண்டர்கள் என்ற தலைப்புக்கு அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் புதிய காலண்டர் உருவாக்கலாம். கைப்பேசியின் சின்னத் திரையைவிட இந்த அமைப்பு வேலைகளைக் கணினியில் செய்வதே நிம்மதி. கணினி இல்லாதவர்கள் ஒரு மணி நேரத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கிச் செய்தால் போதும். முடிந்ததும் கணக்கிலிருந்து மறக்காமல் வெளியேறிவிடுங்கள்.

ஆர்வத்தில் நாங்கள் முதலில் ஒன்பது காலண்டர்கள் திறந்தோம். திரை முழுவதும் வண்ணக் கோலமாகி, எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது இருப்பவை நான்கு. குங்குமச் சிவப்பில் ஆர்டர்கள். பச்சையில் பாத்திரமும் வண்டியும். நீலத்தில் வரியும் கட்டணமும். மஞ்சளில் முகூர்த்த நாள்கள். நீலத்தில் மாதந்தோறும் திரும்ப வரும் பதிவுகளாக, ஜிஎஸ்டி வரிக்கான விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதியும், சுருக்க அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதியும் இருக்கின்றன. மாதாந்திரத் தாக்கல் செய்பவர்களுக்கு உரிய நாள்கள் இவை. அதிலேயே 19 கிலோ சிலிண்டர்கள் பதிய வேண்டிய நாளும், கிடங்கு வாடகை நாளும்.

மஞ்சள் காலண்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இந்திய விடுமுறை நாள்களை கூகுளில் ஒரே சொடுக்கில் சேர்த்துவிடலாம். முகூர்த்த நாள்களை அப்படிச் சேர்க்க நாங்கள் முயலவில்லை. புதிய பஞ்சாங்கம் வந்ததும் அம்மா அதைப் பார்த்துச் சொல்ல, அண்ணி முழு நாள் பதிவுகளாக, வளர்பிறை தேய்பிறை என்ற குறிப்போடு ஒரே மாலையில் ஏற்றிவிடுகிறார். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில நாள்கள் வேறுபடும் என்பதால், உங்கள் வாடிக்கையாளர்கள் எதைப் பின்பற்றுகிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மஞ்சள் வந்த பிறகு, எந்த வாரத்தில் நெருக்கடி வரும் என்பது ஆர்டர் வருவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒவ்வொரு காலண்டரின் அமைப்புகளிலும் குறிப்பிட்ட நபர்களோடு பகிர்தல் என்ற பகுதி இருக்கும். அங்கே ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியையும் இட்டு, அவருக்குரிய அனுமதி நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பகிரும் உரிமையை எங்கள் வீட்டில் இருவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம். அழைப்பு மின்னஞ்சலில் வரும் இணைப்பை அவரவர் தங்கள் கைப்பேசியில் அழுத்தினால்தான் காலண்டர் அவர்களிடம் சேரும். "அனுப்பிவிட்டேன்" என்று விட்டுவிடாமல், ஒவ்வொருவரின் கைப்பேசியையும் கையில் வாங்கித் திரையில் சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதே பக்கத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஒரு கட்டமும் இருக்கும். அதை ஒருபோதும் தொடாதீர்கள். எந்த வீட்டில் என்றைக்குக் கல்யாணம், அதாவது எந்த வீடு என்றைக்குப் பூட்டிக் கிடக்கும் என்ற விவரம் அதில் இருக்கிறது.

ஆறாம் படி: ஓர் ஆர்டரை எழுதும் முறை

தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் நிலைமை தெரிய வேண்டும். எங்கள் தலைப்பின் முதல் சொல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: முன்பணம் வந்திருந்தால் "உறுதி", வராவிட்டால் "பேச்சு". அதன் பிறகு இலை எண்ணிக்கை, மண்டபம், வீட்டாரின் ஊர், தமிழ்த் தேதி. "உறுதி, 450 இலை, மகாமகக் குளம் மண்டபம், பாபநாசம் பெண் வீடு, ஆவணி 12" என்று படித்தால் கிடங்கில் இருப்பவருக்கு வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. தமிழ்த் தேதியைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் பலர் "ஆவணி 12" என்றே சொல்கிறார்கள். அதை ஆங்கிலத் தேதியாக மனத்தில் மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகிவிடுகிறது. சுவரிலுள்ள தினசரி நாட்காட்டியின் தாளைப் புரட்டிப் பார்த்து, கிழமையையும் வாடிக்கையாளரிடம் சொல்லிச் சரிபார்த்துவிட்டே எழுதுங்கள்.

இனி, இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமானது என்று நான் கருதும் செய்தி. நம் வழக்கில் நாள் என்பது விடிந்தால்தான் மாறும். "வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்பு பத்த வெச்சுடணும்" என்று சமையல்காரர் சொன்னால், அவர் சொல்வது காலண்டரின் கணக்கில் வெள்ளிக்கிழமை 2 மணி. காலண்டருக்கு நள்ளிரவு 12 மணியிலேயே நாள் மாறிவிடுகிறது. நான் முதல் மாதத்தில் அவர் சொன்னபடியே வியாழன் 2 மணி என்று எழுதினேன்; நினைவூட்டல் ஒரு முழு நாள் முன்னதாக, புதன் இரவில் அடித்து, பாவம், அவர் பதறியடித்துக்கொண்டு எழுந்து எங்களை அழைத்தார். அன்று முந்தி அடித்ததால் பிழைத்தோம். அதன் பிறகு இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். எல்லோருடைய காலண்டரையும் 24 மணி நேர முறைக்கு மாற்றினோம். நள்ளிரவுக்கும் காலை 5 மணிக்கும் இடைப்பட்ட எந்தப் பதிவிலும் "விடிந்தால் வெள்ளி" என்று தலைப்பிலேயே எழுதுகிறோம்.

பாத்திரம் கிளம்பும் நேரத்திலிருந்து திரும்பி எண்ணி முடிக்கும் நேரம் வரை பச்சைக் காலண்டரில் ஒரு நீண்ட பதிவு தனியாக வர வேண்டும். சிவப்பில் ஒரு நாள், பச்சையில் மூன்று நாள் என்று இரண்டும் அருகருகே தெரியும்போது, அடுத்த ஆர்டரை ஏற்கலாமா என்ற கேள்விக்குக் கண்ணே பதில் சொல்லிவிடும். இடம் என்ற கட்டத்தில் மண்டபத்தின் முகவரியை இட்டால், விவரம் பார்க்கும் அனுமதி உள்ளவர் அதை அழுத்தி வரைபடத்தில் ஓட்டுநருக்கு வழி காட்டிவிடலாம்.

எழுதக் கூடாதவையும் உண்டு. பேசிய தொகை, நிலுவை, வாடிக்கையாளரின் சொந்த விஷயங்கள் எதையும் வேலையாட்கள் பார்க்கும் காலண்டரில் வைக்காதீர்கள். அவற்றுக்குக் கணக்கு நோட்டே இடம். தொலைபேசி எண்ணைக்கூட ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கிக்கொள்கிறோம். 2023இல் இயற்றப்பட்ட எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறரின் விவரங்களைக் கையாள்வோருக்குப் பொறுப்பு வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிக் கொடுத்த எண்ணை ஊர் முழுக்கப் பரப்பாமல் இருப்பது நம் கடமை.

ஒரு பிழை எல்லா வீட்டிலும் நடக்கும். கைப்பேசியில் புதிய பதிவு போடும்போது அது பகிர்வுக் காலண்டருக்குப் போகாமல், எழுதுபவரின் சொந்தக் காலண்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். எழுதியவருக்கு எழுதிவிட்டோம் என்ற நிம்மதி. மற்றவர்களுக்கு அந்த நாள் காலி. சேமிப்பதற்கு முன் காலண்டரின் பெயர் எதுவென்று பார்க்கப் பழக வேண்டும். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: சேமித்த பிறகு குங்குமச் சிவப்பில் தெரியாவிட்டால் அது எழுதியதாகவே கணக்கில்லை.

"பேச்சு" என்று போட்ட நாள்களுக்கு ஆயுள் வேண்டும்

வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுப் போனவர்களின் நாள்கள் அப்படியே தேங்கினால், காலண்டர் நிரம்பியும் கல்லா காலியாகவும் இருக்கும். நாங்கள் மூன்று நாள் கெடு வைத்திருக்கிறோம். "பேச்சு" என்று எழுதும்போதே மூன்றாம் நாள் மாலை 6 மணிக்கு "கேட்டுச் சொல்" என்று இன்னொரு பதிவும் போட்டுவிடுவோம். அன்று அழைத்துக் கேட்டு, முன்பணம் வந்தால் தலைப்பை "உறுதி" என்று மாற்றுகிறோம். வராவிட்டால் மரியாதையாகச் சொல்லிவிட்டு நீக்கிவிடுகிறோம். இந்தக் கெடுவை முதல் பேச்சிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவதால் இதுவரை யாரும் மனம் கோணவில்லை.

ஏழாம் படி: நினைவூட்டல்கள்

பகிர்ந்த காலண்டராக இருந்தாலும் நினைவூட்டல் அவரவர் அமைப்பைப் பொறுத்தது. நீங்கள் உங்கள் கைப்பேசியில் வைத்தது மற்றவருக்கு அடிக்காது. எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டும். மளிகைப் பொறுப்புள்ள அண்ணிக்கு ஏழு நாள் முன்னதாக, கிடங்குக்கு இரண்டு நாள் முன்னதாக, சமையல்காரருக்கு முந்தைய நாள் காலை என்று வைத்திருக்கிறோம். புதிய பதிவு, மாற்றம், நீக்கம் ஆகியவற்றுக்கு மின்னஞ்சல் அறிவிப்பையும் இயக்கி வைத்தால், யாராவது தேதியை நகர்த்தினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைய வேலைகளைக் காலை 5 மணிக்கு மின்னஞ்சலாக அனுப்பும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

பட்டன் கைப்பேசி வைத்திருக்கும் வேலையாட்களுக்கு இவை எதுவும் எட்டாது. கூகுள் காலண்டர் குறுஞ்செய்தி நினைவூட்டலை 2019 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அவர்களுக்காக ஞாயிறு இரவு வரும் வாரத்தை உலாவியிலிருந்து அச்செடுத்துக் கிடங்குக் கதவில் ஒட்டுகிறோம். வாரத்தின் இடையில் மாறினால் நேரில் அழைத்துச் சொல்கிறோம். அச்செடுத்த நாளைத் தாளின் மேல் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய தாளை நம்பி வண்டி கிளம்பிவிடும்.

எட்டாம் படி: வீட்டுப் பழக்கமாக ஆக்குவது

தொழில்நுட்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். பழக்கத்துக்கு எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. கல்யாணம் இல்லாத ஆடியிலோ புரட்டாசியிலோ தொடங்குங்கள். முதல் மாதம் டைரியும் காலண்டரும் சேர்ந்தே ஓடட்டும். ஒவ்வொரு இரவும் ஒருவர் டைரியைப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்து ஒத்துப்பார்க்க வேண்டும். அந்த மாதத்துக்குப் பிறகு காலண்டர்தான் இறுதி. டைரியில் மட்டும் இருக்கும் ஆர்டர் ஆர்டரே இல்லை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடினமான கேள்வி அப்பாவிடமிருந்து வந்தது. "வந்தவங்களை உட்கார வெச்சுட்டு நான் போனைத் தடவிட்டு இருந்தா அது மரியாதையாப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கல்யாணப் பேச்சு எடுத்து வந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதில் அவருடைய தொழிலே இருக்கிறது. பிறகு ஒரு வழி கண்டோம். வந்தவர்களுக்கு அவர் தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்க, தேதியைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். உள்ளே அம்மா தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, காபி கொண்டுவரும்போது "அன்னிக்கு சௌகரியம்தாங்க" என்றோ, "அன்னிக்கு ஒரு வேலை இருக்கு, பார்த்துச் சொல்றோமே" என்றோ சொல்வார். தொலைபேசியில் கேட்டால் எங்கள் ஐவருக்கும் ஒரே பதில்தான்: "அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்." பார்க்காமல் யாரும் சரி சொல்வதில்லை.

மண்டபத்தின் அடித்தளச் சமையற்கூடங்களில் இணைப்புக் கிடைக்காது. ஏற்கெனவே இறங்கிய பதிவுகளைச் செயலி அங்கேயும் காட்டும். புதிதாக எழுதவும் விடும். ஆனால் அப்படி எழுதியது, இணைப்பு வரும் வரை உங்கள் கைப்பேசியில் மட்டுமே இருக்கும். அந்த இடைவெளியில் வீட்டிலிருப்பவர் அதே நாளை இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியும். இணைப்பில்லாத இடத்தில் ஆர்டர் ஏற்காதீர்கள். ஏற்றே ஆக வேண்டுமானால் வெளியே வந்து வீட்டுக்கு ஒரு அழைப்புப் போடுங்கள்.

யாராவது தவறுதலாக ஒரு பதிவை நீக்கிவிட்டால் பதற வேண்டாம். கணினி உலாவியில் அந்தக் காலண்டரின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் இருக்கும். மாற்றும் அனுமதி உள்ளவர் மீட்டெடுக்கலாம். 30 நாள் கடந்தால் கிடைக்காது. ஆகவேதான் தனியாக ஒரு காப்புப் பிரதி வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை

ஆடி பிறந்ததும் ஒரு மதியத்தை இதற்கென ஒதுக்குகிறோம். தொழில் கணக்கோடு உலாவியில் நுழைந்து, அமைப்புகளில் ஏற்றுமதி என்பதை அழுத்தினால் எல்லாக் காலண்டர்களும் ஐசிஎஸ் கோப்புகளாக ஒரே பொதியில் இறங்கும். அதை ஒரு பென்டிரைவில் போட்டு, மாற்றுக் குறியீடுகள் இருக்கும் அதே பீரோவில் அம்மா வைத்துவிடுவார். பிறகு பகிர்வுப் பட்டியலில் ஒவ்வொரு பெயராகப் பார்த்து, வேலையை விட்டுப் போனவர்களை நீக்குகிறோம். அவர்கள் நல்லபடியாகப் போயிருந்தாலும் நீக்கத்தான் வேண்டும். எண் மாற்றியவர்கள் இருந்தால் மீட்பு எண்ணைச் சரிசெய்கிறோம். கடைசியாக, ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு "உறுதி" என்று இருக்கும் ஒவ்வொரு வீட்டாரையும் அப்பா அழைத்து, தேதி, கிழமை, இலை எண்ணிக்கை மூன்றையும் ஒரு முறை வாய்விட்டுக் கேட்டு, பக்கத்தில் திரையைப் பிடித்திருக்கும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்.